பாளையங்கோட்டை முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தபால் வாக்கு கிடைக்குமா?

அமெரிக்காவில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது: "அம்மாவுக்கு 79 வயது. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். என் அத்தையும் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு 87, கொஞ்சம் ஞாபக மறதி. இரண்டு பேருக்கும் ஓட்டு ஊரில்தான். இங்கே நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்கு ஓட்டுச்சீட்டு தபாலில் வந்துவிடுகிறது. அங்கே அப்படி வாங்க முடியுமா? இல்லத்து மேனேஜரைக் கேட்டால், 'கவர்மெண்ட்ல இருந்து யாராவது வந்தா பார்க்கலாம் சார்' என்கிறார்."

அத்தைக்கு வழி இருக்கிறது. அம்மாவுக்கு இன்றைய நிலையில் இல்லை, ஆனால் உண்டாக்கலாம். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வாக்காளர் பட்டியலில் பெயரை இல்லத்து முகவரிக்கு மாற்றுவது. அதைத் தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் நேரம் பத்தாது. தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். தபால் வாக்கு என்று பெயரே தவிர, முதியோருக்கான இந்த ஏற்பாட்டில் தபால்காரருக்கு வேலை இல்லை. தேர்தல் அலுவலர்கள் ஓட்டுச்சீட்டையும் கவரையும் மறைப்பு அட்டையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். முன்னாலேயே உட்கார்ந்து ஓட்டுப் போட வைத்து, ஒட்டிய கவரைக் கையோடு வாங்கிப் போவார்கள். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு நடைமுறை வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்திலும் தபாலை மட்டும் நம்பி விடவில்லை. விஸ்கான்சினில் நர்சிங் ஹோம்களுக்கு இரண்டு இரண்டு பேராகச் சிறப்பு அலுவலர்களை அனுப்பி ஓட்டு வாங்குவது வழக்கம். 2020-ல் கொரோனா காரணமாக அதை நிறுத்திவிட்டுத் தபாலில் அனுப்பினார்கள், அது பெரிய சர்ச்சையும் ஆனது. நம் ஊர் முறை அந்த விஸ்கான்சின் முறைக்குப் பக்கத்தில் வரும்.

யாருக்கு இந்த வசதி? 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 2019 அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தது. 80 வயது தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தபால் வாக்கு கேட்கலாம் என்றார்கள். அந்த ஆண்டு ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தலில் ஏழு தொகுதிகளில் மட்டும் செய்து பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச் 1-ஆம் தேதி வயது வரம்பை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். ஆக 80-க்கும் 85-க்கும் இடையில் இருக்கும் ஆச்சிமார், தாத்தாமார் பலருக்கு 2021-ல் வீட்டில் இருந்தே ஓட்டு. 2024-ல் "உங்களுக்கு இன்னும் வயசாகல" என்று பதில். இது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களில் பெரும் பகுதி எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள்தான். ஆனால் விதி அதுதான்.

மாற்றுத்திறனாளி என்றால் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். இதற்கு வயது வரம்பு இல்லை. அம்மாவுக்கான வழி இங்கேதான் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பெயர் விவகாரம். தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர், அதாவது ஆர்.ஓ., தன் தொகுதி வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் எல்லாம் செய்வார். 85 தாண்டியவர்கள் யார், மாற்றுத்திறனாளி என்று குறிப்பு உள்ளவர்கள் யார் என்று பாகம் வாரியாக, அதாவது வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்து, அந்தந்தப் பாகத்து வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., கையில் கொடுப்பார்கள். பி.எல்.ஓ. பட்டியலில் உள்ள முகவரிக்குப் போய், தபால் வாக்குக் கேட்டு எழுதிக் கொடுக்கும் 12டி படிவத்தை நீட்டுவார். உங்கள் அத்தையின் முகவரி கல்லிடைக்குறிச்சித் தெரு. அங்கே பூட்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டில் கேட்டால் "அவங்க பாளையங்கோட்டையில இருக்காங்க" என்பார்கள். அவர் இன்னொரு முறை வந்து பார்ப்பார், அதோடு சரி. கல்லிடைக்குறிச்சி அம்பாசமுத்திரம் தொகுதி. அந்தத் தொகுதிக் குழு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தாண்டிப் பாளையங்கோட்டை இல்லத்துக்கு வந்து ஓட்டு வாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாளையங்கோட்டை பி.எல்.ஓ.வின் பட்டியலில் அத்தை பெயரே இல்லை, அவர் இல்லத்து வாசலைத் தாண்டிப் போய்விடுவார். மேனேஜர் "வந்தா பார்க்கலாம்" என்று காத்திருப்பதில் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

எனவே, அம்மாவும் அத்தையும் இனி இல்லத்திலேயே இருக்கப் போகிறார்கள் என்றால், பெயரை இல்லத்து முகவரிக்கு மாற்றுங்கள். சட்டப்படி தடை இல்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு "வழக்கமாக வசிக்கும் இடம்" என்பதைத்தான் பார்க்கிறது. மனநோய்ச் சிகிச்சைக்கான நிறுவனத்தில் நோயாளியாக இருப்பவர்களும் சிறையில் இருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் அந்த இடத்து வாசியாகக் கருதப்பட மாட்டார்கள் என்று அதே பிரிவு விலக்குச் சொல்கிறது. அந்த விலக்கில் முதியோர் இல்லம் கிடையாது. சொந்த வீட்டை வைத்திருப்பதால் மட்டும் அங்கே வசிப்பதாகவும் ஆகாது.

மாற்றுவதற்கு 8-ஆம் எண் படிவம். இடமாற்றம், பிழைத் திருத்தம், அடையாள அட்டைக்கு மாற்று அட்டை, மாற்றுத்திறனாளிக் குறிப்பு ஆகிய நான்குக்கும் 2022 ஆகஸ்டிலிருந்து இந்த ஒரே படிவம்தான். ஆன்லைனிலும் போடலாம், பி.எல்.ஓ. கையிலும் கொடுக்கலாம். ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். ஆவணம் இல்லாத இடத்தில் பி.எல்.ஓ. நேரில் வந்து விசாரித்து அறிக்கை எழுதுவதற்கு இடம் இருக்கிறது. அவர் வரும்போது இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், வேலை சுலபமாகும். பாளையங்கோட்டை முகவரி என்றாலே பாளையங்கோட்டைத் தொகுதி என்றும் நினைத்துவிடாதீர்கள். தாலுகாவின் கிராமப் பகுதிகள் சில நாங்குநேரித் தொகுதியில் இருக்கின்றன. இல்லம் ஊருக்கு வெளியே தள்ளி இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பாகத்தில் ஓட்டுப் போடுகிறார் என்று விசாரித்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள்.

பெயரை மாற்ற வேண்டும் என்று சொல்வது எளிது. இல்லத்தில் போய் ஆச்சிமாரிடம் சொல்லிப் பாருங்கள். "ஊர்ல பேரு இல்லேன்னா நான் போய்ச் சேந்தாப்லலா ஆயிரும்?" என்று ஒரு ஆச்சி என்னிடமே கேட்டார். பட்டியலில் பெயரை நீக்குவது செத்தவர்களுக்குத்தான் என்பது அவர் கணக்கு. இன்னொருவருக்கு வீட்டைப் பற்றிப் பயம்: பெயர் போனால் வீடும் போய்விடுமாம், கொழுந்தன் மகன் காத்துக்கொண்டிருக்கிறானாம். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் வீட்டு வரி ரசீது, பட்டா, ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை நான்கையும் ஒரே மஞ்சப்பையில் கட்டி வைத்திருப்பவர்களுக்கு நான்கும் ஒன்றுதான். பொறுமையாகச் சொல்ல வேண்டும். சொத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. ரேஷன் கார்டு வேறு துறை. அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும் நோட்டில் பெயர் அப்படியே இருக்கும். ஓட்டு அட்டையின் எண்கூட மாறாது, முகவரி மட்டும்தான் மாறும். இவ்வளவும் கேட்ட பிறகும் "எனக்கு ஊர்லயே இருக்கட்டும்" என்றால் விட்டுவிடுங்கள். அது அவர் உரிமை. பிள்ளைகள் சேர்ந்து முடிவெடுத்து, அம்மாவுக்குத் தெரியாமல் ஆன்லைனில் 8-ஆம் படிவத்தைத் தட்டிவிடுவது மட்டும் வேண்டாம். இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். அது சட்டப்படி செல்லாது, பொய் உறுதிமொழி கொடுத்தால் தண்டனையும் உண்டு.

ஆனால் ஊரிலேயே விடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். பூட்டிய வீட்டுப் பெயர்கள் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் லட்சக்கணக்கான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு, இடம்பெயர்ந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இல்லத்தில் இருப்பவர்களை இந்த மூன்றாவது வகையில் சேர்த்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே இன்று இரவே அம்மா, அத்தை இருவரின் அடையாள அட்டை எண்ணையும் தேர்தல் ஆணைய இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள். பெயர் இருந்தால் 8-ஆம் படிவம். இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ப்பதற்கான 6-ஆம் படிவம், நேராக இல்லத்து முகவரியிலேயே.

தேடும்போது வயதையும் பாருங்கள். பி.எல்.ஓ. கையில் கொடுக்கும் 85-க்காரர்கள் பட்டியல் வாக்காளர் பட்டியலில் உள்ள வயதை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் கணக்கெடுக்க வந்தவர் "பெரியம்மா, உங்களுக்கு ஒரு அறுபது இருக்குமா?" என்று கேட்டு எழுதிய வயது இன்றும் ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே வருகிறது. வீட்டில் 87, பட்டியலில் 81 என்றால் அத்தைக்கு 12டி வராது. வயதுச் சான்று இருந்தால் அதே 8-ஆம் படிவத்தில் திருத்தலாம். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஆதாரில் உள்ள பிறந்த தேதி கைகொடுக்கும், அதுவும் தோராயமாகப் போட்டதாக இருந்தால் சிக்கல்தான்.

இனி காலக்கெடு. தேர்தல் அறிவிப்பு டி.வி.யில் வரும் நாள் வேறு, முறைப்படி அறிவிக்கை வெளியாகும் நாள் வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16-ல் அட்டவணையை அறிவித்தார்கள், தமிழ்நாட்டுக்கு அறிவிக்கை மார்ச் 20, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அறிவிக்கை வந்து ஐந்து நாளைக்குள் 12டி படிவம் ஆர்.ஓ.விடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஐந்தே நாள்! இடையில் ஞாயிறு வரும், இல்லத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும், அதற்குள் தேதி போய்விடும். படிவம் சின்னதுதான். பெயர், முகவரி, அட்டை எண், பாகம் எண், வரிசை எண், மொபைல் எண், எந்த வகையில் கேட்கிறார் என்பது, கையெழுத்து அல்லது ரேகை. மாற்றுத்திறனாளி என்றால் சான்றின் நகல். மொபைல் எண்ணாக உங்கள் அமெரிக்க எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். குழு என்றைக்கு வரும் என்ற தகவல் அந்த எண்ணுக்குத்தான் போகும். இல்லத்து எண்ணையோ உள்ளூர் உறவினர் எண்ணையோ கொடுங்கள்.

இன்னொன்று: 12டி கொடுத்து ஏற்றுக்கொண்டுவிட்டால் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன்பின் மனம் மாறி, பேரனோடு காரில் பூத்துக்குப் போனால் ஓட்டு கிடையாது. நடக்கத் தெம்பு உள்ள, பூத்துக்குப் போய் நாலு பேரைப் பார்த்துப் பேசி வரப் பிரியப்படும் பெரியவர்களைக் கட்டாயப்படுத்தி 12டி எழுத வைக்காதீர்கள். இது வேண்டுகிறவர்களுக்கான வசதி மட்டுமே.

குழு வரும் நாளில் என்ன நடக்கும்? இரண்டு தேர்தல் அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோகிராபர் வருவார்கள். வேட்பாளர்களின் ஏஜெண்டுகளுக்கும் முன்கூட்டியே அட்டவணை போயிருக்கும், அவர்களும் கூட நிற்கலாம், ஆனால் வாய் திறந்து ஓட்டுக் கேட்கக் கூடாது. முதல் முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள், மூன்றாம் முறை இல்லை. அந்த வாரம் டயாலிசிஸ், கண் ஆஸ்பத்திரி என்று தேதி வைத்திருந்தால் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நான் பார்த்த ஒரு இல்லத்தில் சாப்பாட்டு மேசையில் மறைப்பு அட்டையை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டே இருந்தது, யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. வார்டன் அம்மா உதவி செய்கிற எண்ணத்தில் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். அலுவலர், "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா" என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆச்சி சீட்டைக் கையில் வாங்கி, சத்தமாக, "எதுல போடணும், ஏ தாயி?" என்றார். வார்டன் வாயைத் திறப்பதற்குள் அலுவலர், "அது உங்க இஷ்டம் ஆச்சி, எங்க யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்று முந்திக்கொண்டார். இந்த இரண்டு நிமிடம்தான் முக்கியம். இல்லத்தில் சோறு போடுகிறவர், மாத்திரை கொடுக்கிறவர் பின்னால் நின்றால் அந்த ஓட்டு ரகசிய ஓட்டு இல்லை. வார்டன் நல்லவராக இருந்தாலும் அப்படித்தான்.

குறி போட்ட பிறகு சீட்டைச் சின்னக் கவரில் வைத்து ஒட்ட வேண்டும். உறுதிமொழிப் படிவம் தனி. அதில் வாக்காளர் கையெழுத்தோ ரேகையோ வைப்பார், அலுவலர் சான்றொப்பம் இடுவார். சின்னக் கவரும் உறுதிமொழியும் சேர்ந்து பெரிய கவருக்குள் போகும். உறுதிமொழியைத் தவறிச் சின்னக் கவருக்குள் வைத்து ஒட்டிவிட்டால் எண்ணும் நாளில் அந்தக் கவரைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். அலுவலர் எதிரிலேயே இருப்பதால் இது குறைவுதான், ஆனாலும் கூட இருப்பவர் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெயருக்கு எதிரே குறி பட்டாலும் செல்லாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு எழுதும் அட்டை ஒன்றை அடியில் கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

அத்தையின் ஞாபக மறதிக்கு வருகிறேன். "மறதிக்காரங்களுக்கு எதுக்கு ஓட்டு" என்று இல்லத்திலேயே சொல்வார்கள், பி.எல்.ஓ.வும் சொல்லலாம். அதைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியான நீதிமன்றம் அறிவித்தால்தான் பெயரை நீக்க முடியும் என்பது 1950 சட்டத்தின் 16-ஆவது பிரிவு. டாக்டர் சீட்டு போதாது, மகன் கையெழுத்தும் போதாது. அத்தைக்கு நேற்றுச் சாப்பிட்டது மறந்திருக்கலாம். ஐம்பது வருடமாக எந்தக் கட்சிக்குப் போட்டார் என்பது மறக்காமல் இருக்கலாம்.

பார்வை இல்லாதவரோ தானே குறி போட முடியாத அளவு தளர்ந்தவரோ, 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தத் துணை யார் என்று தேர்ந்தெடுப்பது வாக்காளர்தான். பூத்தில் ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணையாக இருக்க முடியாது. இல்லத்திலும் அதே ஒழுங்கை வைத்துக்கொள்வதுதான் முறை, வார்டன் ஒருவரே பத்துப் பேருக்குக் குறி போடும் நிலை வந்தால் ஏஜெண்டுகள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. கல்லிடைக்குறிச்சியில் இருந்து உறவுக்காரர் ஒருவரை அன்றைக்கு வரச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 79. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நிரந்தரமாக நடக்க முடியாத குறை இருந்தால், அரசு மருத்துவக் குழுவிடம் காட்டி மாற்றுத்திறனாளி சான்று கேட்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. கை கால் இயக்கக் குறைபாடு மட்டுமல்ல, பார்க்கின்சன் நோயும் அதில் உண்டு, இல்லத்தில் இருக்கும் பலருக்கு இது தெரியாது. 40 சதவீதம் வந்தால், 8-ஆம் படிவத்தில் அந்தக் குறிப்பையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். குறைவாக வந்தால் 12டி கிடையாது. அப்போதும் பெயர் இல்லத்து முகவரியில் இருந்தால் பூத் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான். சாய்தளம், சக்கர நாற்காலி, வரிசையில் நிற்காமல் உள்ளே போவது எல்லாம் கேட்டுப் பெறலாம். சேரன்மகாதேவி வழியாக 35 கிலோமீட்டர் காரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதைவிட அது எவ்வளவோ மேல்.

மேனேஜரிடம் ஒரு வேலை மட்டும் கேளுங்கள். இல்லத்தில் உள்ள எல்லோருடைய பெயர், அட்டை எண், தொகுதி, பாகம், பட்டியலில் உள்ள வயது, சான்று உண்டா இல்லையா என்று ஒரே தாளில் எழுதி வைக்கட்டும். இல்லம் இருக்கும் பாகத்து பி.எல்.ஓ.வின் எண் அந்தத் தாளின் தலைப்பில் இருக்கட்டும், 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழைத்து விசாரித்தால் சொல்வார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளைத் தகுதி நாளாக வைத்து ஆண்டு முழுவதும் பட்டியல் திருத்தம் நடக்கிறது, தேர்தலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தனியாக ஒருவருக்கு அலைவதைவிட, "எங்க இல்லத்துல இத்தனை பேர்" என்று சொல்லும்போது தாலுகா ஆபீஸில் காது கொடுத்துக் கேட்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இதெல்லாம் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கு. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதற்கு விதிகள் வேறு. பெயரை மாற்றினால் கல்லிடைக்குறிச்சி பேரூராட்சித் தேர்தலில் அம்மாவுக்கு ஓட்டு இருக்காது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: இந்தியக் குடியுரிமையை நீங்கள் இன்னும் விடாமல் இருந்தால் 6ஏ படிவத்தில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு நேரில்தான் வர வேண்டும்.